பனிமலையில் இறங்கக் கற்றல்

இருப்புப்பாதை நிலையங்களின் மஞ்சட் பலகைகளில் ஊர்ப்பெயருக்கு அடியில், கடல் மட்டத்திற்கு மேல் அவ்விடத்தின் உயரமும் சிறிய எழுத்தில் குறிக்கப்படுவதை வாசகரிற் பலர் கண்டிருக்கலாம். யாம் பிறந்து வளர்ந்த பேசின் பிரிட்ஜைப் பொறுத்தவரை அவ்வுயரம் சொல்லிக்கொள்ளத்தக்கதன்று. ஓர் ஏணியை நிறுத்தி அளந்துவிடலாம். பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் ரயில் பெட்டிகளைக் கழுவும் பேட்டைக்கும் அணித்தாக உள்ளது எம் இல்லம். எண்ணெயும் சேறும் கலந்து வீசும் இவ்விடத்துக் காற்றைப் பழியாதார் எவருமிலர், யாமும் பழித்திருக்கின்றோம். அக்காற்றின் கனம் எத்துணைப் பெரிய செல்வம் என்பதை எமக்கு எடுத்துரைத்தவன் எம் இளவல்.

அவன் இராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டுபவன். 2015ஆம் ஆண்டு டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நீரில் மூழ்கிக் கிடக்க, அரக்கோணத்துக் கடற்படைத் தளம் பிரயாணிகளுக்குத் தற்காலிக விமான நிலையமாக உதவிய நாட்களில், உணவுப் பொட்டலங்களுடன் நகரின்மேல் வட்டமிட்ட ஹெலிகாப்டர்களை மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களில் அவனும் ஒருவன். மற்றையோர் பொட்டலத்தைப் பார்த்தனர். அவன் அது நின்ற நிலையைப் பார்த்தான். பின்னர்ப் பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்திற் சேர்ந்து, பீரங்கிப் படையில் சில ஆண்டு இருந்து, நாசிக்கில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்று, லடாக்கிலுள்ள லே நகருக்கு அனுப்பப்பட்டான். ஆங்கு யாது செய்கின்றாய் என்று தாயார் கேட்கும்போதெல்லாம், “சாமான் கொண்டுபோகிறேன், அம்மா” என்பதே அவன் விடை. ரயில்வேக் குடும்பத்தில் அவ்விடை போதுமானதாக இருந்தது.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், மிக்ஜாம் புயலின் மழையில் பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையேயுள்ள 14ஆம் எண் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைக் கடந்துவிட, ரயில்கள் நின்றுபோயின. விடுமுறையில் வந்திருந்த இளவல் திரும்பிச் செல்ல வழியின்றி எம்முடன் அடைபட்டான். மின்சாரமும் இல்லை. மெழுகுவர்த்தியின் முன் மூவரும் அமர்ந்திருந்த அவ்விரவில், தாயார் மீண்டும் அதே கேள்வியைக் கேட்டார். இம்முறை அவன் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.

ஹெலிகாப்டரை முன்னே செலுத்துவது அத்துணைக் கடினமன்றாம். அந்தரத்தில் அசையாது நிறுத்துவதே கடினமாம். இடக்கைப் பிடி ஏற்றவும் இறக்கவும், வலக்கைப் பிடி பக்கங்களிற் சாய்க்கவும், இரு கால்களும் மூக்கைத் திருப்பவும் உள்ளன. ஒன்றைத் தொட்டால் மற்றிரண்டையும் உடனே திருத்த வேண்டும். முதல் நாட்களில் ஒரு பெரிய மைதானமே போதாதபடி யந்திரம் அலையுமாம். இதைக் கேட்ட தாயார், “ஒரு கையால் மாவாட்டி, ஒரு கையால் மாவைத் தள்ளி, காலால் உன் தொட்டிலை ஆட்டினேனே, எனக்கு யார் பதக்கம் தந்தார்?” என்றார். இளவல் சிரித்துவிட்டு, பின்னர்த் தன் ஆசிரியர் சொன்னதைக் காட்டிலும் அவ்வுவமை நன்று என்று ஒப்புக்கொண்டான்.

இவையெல்லாம் சமவெளிக் கல்வி. லேயில் இறங்கியதும், கற்றதை மறுபடி கற்க வேண்டியிருந்ததாம். அந்நகரே 3,500 மீட்டர் அளவு உயரத்தில் உள்ளது. சென்று சேர்பவன் முதல் சில நாட்கள் ஒன்றும் செய்யாது ஓய்ந்திருந்து, உடலை அக்காற்றுக்குப் பழக்குதல் வேண்டும். உயரம் 5,500 மீட்டரை எட்டும்போது காற்றின் அழுத்தம் ஏறக்குறைய கடற்கரையில் உள்ளதிற் பாதியாகிவிடுகின்றது. இராயபுரத்து மீனவர் துடுப்பால் நீரைப் பின்னே தள்ளுகின்றனர். நீர் கனமாதலின் மரம் முன்னே செல்கின்றது. அத்துடுப்பு நுரையில் விழுந்தாலோ கை சலிப்பதன்றி மரம் நகராது. ஹெலிகாப்டரும் தன் சுழலும் இறக்கைகளாற் காற்றைக் கீழே தள்ளியே மேலே நிற்கின்றது. காற்று மெலிய மெலிய அத்துடுப்பு நுரையில் விழுகின்றது. அதுவன்றி, எஞ்சினும் மூச்சுக்கு அதே காற்றையே நம்பியிருத்தலால், வேலை மிகுதிப்படும் இடத்திலேயே அதன் வலியும் குன்றுகின்றது.

வெப்பமும் காற்றை மெலிவிக்கும். 1944ஆம் ஆண்டு ஏப்ரலில் பர்மாக் காட்டில், விழுந்துபோன சிறு விமானத்தின் ஓட்டியையும் காயம்பட்ட போர்வீரர் மூவரையும் மீட்கச் சென்ற கார்ட்டர் ஹார்மன் என்னும் அமெரிக்கர், தம் சிக்கார்ஸ்கி ஹெலிகாப்டரில் ஒரு முறைக்கு ஒருவரையே ஏற்ற முடிந்தது. கோடை வெம்மையும் நில உயரமும் சேர்ந்து யந்திரத்தை அவ்வாறு சோர்வித்தன. இடையே எஞ்சின் மிகச் சூடேற, மறுநாள் வரை காத்திருந்தே பணியை முடித்தார். போர்க்களத்தில் ஹெலிகாப்டரால் மனிதரை மீட்ட முதற் செயல்களில் இஃது ஒன்று. பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் பல வியாசர்பாடியில் எம் அயலாராக வாழ்கின்றனர்; அக்காட்டு வழியே நடந்துவந்தோரின் கதைகளைக் கேட்டு வளர்ந்த எமக்கு, அதே காட்டின்மேல் இப்படியும் ஒன்று நிகழ்ந்தது என்பது அன்றிரவு வரை தெரியாது.

இளவல் ஓட்டும் யந்திரத்திற்குச் ‘சீட்டா’ என்று பெயர். பிரான்சு தேசத்தார் இந்தியப் படையின் இமயமலைத் தேவையைக் கருதியே அதனை ‘லாமா’ என்னும் பெயரால் அமைத்தனர். 1969இல் அது முதன்முதற் பறந்தது. பின்னர் பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தார் உரிமை பெற்று அதனைச் செய்யலாயினர். 1972ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், ஜான் பூலே என்பார் அவ்வினத்து யந்திரம் ஒன்றில் 12,442 மீட்டர் உயரம் ஏறினார். ஏறிய உச்சியில் எஞ்சின் அணைந்துவிட்டது. வீழும் வேகத்தில் எதிர்க்காற்றே இறக்கைகளைச் சுழற்ற, எஞ்சினின்றியே அவர் பூமி வரை இறங்கிச் சேதமின்றி நிறுத்தினார். ஏறியதைவிட இறங்கியதே பெருஞ்செயல் என்பது இளவலின் கருத்து. எமக்கும் அவ்வாறே தோன்றுகின்றது.

சுமார் 76 கிலோமீட்டர் நீளமுள்ள சியாச்சின் பனியாற்றில் 1978 அக்டோபரிலேயே நம் விமானப்படையின் ‘சேத்தக்’ ஹெலிகாப்டர் இறங்கியதுண்டு. 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், பிலாஃபோண்ட் லா கணவாயில் நம் வீரரைக் கொண்டுபோய் விட்டவை சீட்டாக்களே. அன்று முதல் அப்பனியின்மேற் காவல் நிற்போர்க்கு அரிசியும் மண்ணெண்ணெயும் மருந்தும் கடிதமும் பெரும்பாலும் வான்வழியே செல்கின்றன. நோயுற்றோர் திரும்புவதும் அவ்வழியே.

ஆயின் எவ்வளவு செல்லும்? எம் தந்தையார் காலத்தில் சென்டிரல் நிலையத்துப் பார்சல் ஆபீஸில் ஒரு பெரிய தராசு இருந்தது. அதன்மேல் ஏறி எம்மை நிறுத்துக்கொள்வது எமக்குச் சிறுவயது விளையாட்டு. மலையில் ஒவ்வொரு நாளும் அத்தராசு விளையாட்டுத்தானாம். அன்றைய குளிர் எவ்வளவு, செல்லுமிடத்தின் உயரம் எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு என்று கணித்து, எஞ்சிய பாரத்தையே ஏற்றலாம். மிக உயர்ந்த சாவடிகளுக்கு அவ்வெச்சம் சில நேரங்களில் ஒரு மண்ணெண்ணெய் டப்பாவின் எடையளவே ஆகும். இளவல் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டான் என்பதை இவ்விடத்தில் தற்செயலாகச் சொல்லிவிட, தாயார் அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோற்றை இட்டார்.

இறங்குமுறையை அவன் மெழுகுவர்த்தியையும் தீப்பெட்டியையும் கொண்டு எமக்கு விளக்கினான். முதலில் இறங்கலாகாது, கடந்து செல்ல வேண்டும். சாவடியிலுள்ளோர் எழுப்பும் புகையையோ கொடியையோ பார்த்துக் காற்றின் திசையை அறிதல் வேண்டும். மலைமுகட்டின்மேல் மோதும் காற்று ஒரு பக்கத்தில் யந்திரத்தை உயர்த்தும். மறுபக்கத்தில் கிணற்றில் எறிந்தாற்போலக் கீழே அமுக்கும். அடுத்து, எஞ்சினிடம் மிஞ்சியுள்ள வலியைச் சோதித்து, இறங்குதற்கு வேண்டியதோடு ஒப்பிட வேண்டும். பின்னரே அணுகுதல். அணுகும்போதே, வேண்டாமென்று தோன்றினால் எப்பக்கமாய் விலகிச் சரிவில் இறங்கி வேகம் பெறுவது என்பதைத் தீர்மானித்துவைத்தல் வேண்டும். முன்னோக்கிச் செல்லும் வேகமே யந்திரத்தைப் பாதி தாங்குகின்றதாம். வேகம் குறையக் குறைய எஞ்சின் தன் முழு வலியையும் கொடுக்க வேண்டியிருக்கும். ஆதலால் கடைசிச் சில விநாடிகளில் ஓர் எல்லை உண்டு. அதற்கு முன் மனம் மாறலாம். அதைக் கடந்தபின் மனம் மாறினாலும் யந்திரத்திற்கு மாற வலியில்லை.

அவ்வெல்லைக்குள் புகுந்தபின் பனி தன் தொல்லையைத் தொடங்குகின்றது. எங்கும் வெண்மையாயிருத்தலால் தரை ஐந்தடியில் உள்ளதா ஐம்பதடியில் உள்ளதா என்று கண் சொல்ல மாட்டாது. இறக்கையின் காற்று பனித்தூளைக் கிளப்ப, விநாடியில் மேலும் கீழும் பாலிற் கரைந்துவிடும். அப்போது கருநிறப் பாறையோ நட்டுவைத்த கொடியோ ஒன்றிற் கண்ணை ஊன்றி, அதனை விடாது இறங்க வேண்டும். 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்டின் கும்பு பனிச்சரிவுக்கு மேலே, சுமார் 6,000 மீட்டர் உயரத்தில், குளிரால் உறுப்பு மரத்த மலையேறிகள் இருவரை நேபாள இராணுவத்தைச் சேர்ந்த மதன் கத்ரி சேத்ரி மீட்டபோது, கீழிருந்தவர்கள் சிவந்த பானப்பொடியைக் கரைத்துப் பனியிற் குறியிட்டனராம். அவரும் ஒரு முறைக்கு ஒருவரையே ஏற்ற முடிந்தது. முதலில் யார் என்பதைத் தரையில் நின்றவர்களே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

இதுவரை கேட்டிருந்த தாயார், “அந்த மதராஸ் பட்டாளத்துப் பிள்ளைகள் போன இடமும் அதுதானே?” என்றார். 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் சாவடியில் மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த பதின்மர் பனிச்சரிவிற் புதைந்தனர்; அவருள் தமிழ்நாட்டார் நால்வர். கன்னட நாட்டு ஹனுமந்தப்பா மட்டும் ஆறு நாள் பனிக்கட்டியின் கீழ் உயிரோடிருந்து, கண்டெடுக்கப்பட்டு, ஹெலிகாப்டரிற் கொண்டுவரப்பட்டு, பிப்ரவரி 11ஆம் நாள் டில்லியில் இறந்தார். அப்படங்களைத் தாயார் பத்திரிகையிலிருந்து கத்தரித்து வேதப்புத்தகத்தில் வைத்திருக்கின்றார் என்பதை யாம் அன்றுதான் அறிந்தோம். மகனை அவ்விடத்திலிருந்து மாற்றிக்கொள்ளுமாறு சொல்லவே அவர் அப்பேச்சை எடுத்தாரென்று எண்ணினோம். உண்மையில் யாமும் அதைச் சொல்லவே காத்திருந்தோம்.

இளவல் சற்று நேரம் மெழுகுவர்த்தியைப் பார்த்திருந்துவிட்டு, ஒரு நாள் நிகழ்ச்சியைச் சொன்னான். ஒரு சாவடியில் (பெயர் சொல்லவில்லை, யாமும் கேட்கவில்லை) வீரன் ஒருவனுக்கு உயரத்தினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. அந்நோய்க்குக் கீழே இறக்குவதே முதல் மருந்து. மூத்த விமானி பக்கத்திலிருக்க, இளவல் யந்திரத்தைச் செலுத்திச் சென்றான். பொழுது ஏறிவிட்டமையால் காற்று முகட்டில் முறுக்கிக்கொண்டிருந்தது. அணுகினான். தூளிப்படுக்கையில் நோயாளியைக் கிடத்தி இருவர் பிடித்து நிற்பதும், ஒருவன் கையை வீசுவதும் தெரிந்தன. யந்திரம் சட்டென அமுங்கிற்று. மூத்தவர் பிடியைத் தொடவில்லை, “என்ன சொல்கிறாய்?” என்று மட்டும் கேட்டார். இவன் விலகினான். எரிபொருள் இருந்தமட்டில் இன்னொரு முறை வந்து பார்த்து, மறுபடியும் விலகித் திரும்பிவிட்டான். வீசிய கை தாழ்ந்ததை இரண்டாம் முறை கண்டானாம்.

யாம் ஒன்றும் பேசவில்லை. பிழைத்து வந்தானே என்னும் மகிழ்ச்சி ஒன்றே எம்முள் இருந்தது. தாயாரோ, “ஏனடா இறங்கவில்லை? அவனுக்கும் ஒரு தாய் இருப்பாளே” என்றார்.

அக்குரலில் இருந்த கடுமையை யாம் எதிர்பார்க்கவில்லை. எம் மகிழ்ச்சி எமக்கே கூசிற்று. இளவல் தலை குனிந்தவாறே சொன்னான்: “அங்கே இறங்க ஒரே மேடைதான், அம்மா. அதன்மேல் என் வண்டி நொறுங்கிக் கிடந்தால், மறுநாள் அவனைத் தூக்க வேறு வண்டியும் வர முடியாது.”

“மறுநாள் போனாயா?”

“விடியுமுன் எழுந்தோம். வெயில் ஏறாத நேரத்தில் காற்று அடங்கியிருக்கும். எஞ்சினை நிறுத்தாமலே ஏற்றிக்கொண்டு வந்தோம். நிறுத்தினால் அங்கே மறுபடி கிளம்பாது.”

“பிழைத்தானா?”

“ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தபோது மூச்சு இருந்தது. அடுத்த சாவடிக்கு உடனே போக வேண்டியிருந்தது, அம்மா.”

தாயார் அவ்வீரனின் பெயரைக் கேட்டார். அவன் சொன்னான். அவர் அதைத் திருப்பி ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். வடநாட்டுப் பெயராதலால் நாவில் எளிதில் வரவில்லை. வெளியே மழை விட்டபாடில்லை. மாற்றல் குறித்து எவரும் பேசவில்லை.

இரண்டு நாட்களில் நீர் வடிய, ரயில்கள் ஓடத் தொடங்கின. இளவலும் புறப்பட்டுச் சென்றான். அடுத்த ஞாயிறன்று தாயாரின் ஜெபத்தில் அப்பெயரைக் கேட்டோம். அவன் லேயில் இருந்த காலம் முழுதும் தொலைபேசியில் அவர் முதலிற் கேட்டது சாப்பாட்டையன்று. இப்பொழுது அவன் சமவெளியில் இளைஞர்க்குக் கற்பிக்கின்றான்; ஆயினும் மணி ஒலித்ததும், “காற்று எப்படியடா?” என்றே தாயார் கேட்கின்றார். “காலையில் நன்றாயிருந்தது, அம்மா” என்கின்றான் அவன்.