கொஞ்சம் கலராக

ஒளிப்படக் கலை பயில்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் மூவரும் சேலத்தில் திரிந்த காலம் 2003, 2004 ஆம் ஆண்டுகள். சேர்ந்த முதல் மாதத்திலேயே ஏற்காடு சாலைக்குப் போய், மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவின் முன் நின்று ஒருவரையொருவர் படமெடுத்துக்கொண்டோம். டி. ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய நிறுவனம் அது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இலும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இலும் அந்த நிறுவனத்திலிருந்து வந்தவை. எங்கள் காலத்தில் வளைவு மட்டுமே மிஞ்சியிருந்தது. ஆனாலும் ஒளியைத் தொழிலாகச் செய்த ஊரில் பிறந்திருக்கிறோம் என்றொரு பெருமிதம் எங்களுக்கு இருந்தது. அதைக் கலைத்தவர் ஒரு மூதாட்டி. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எண்ணுவதும் தள்ளிப்போடுவதுமாகவே இத்தனை ஆண்டுகள் கழிந்துவிட்டன.

வகுப்பில் உருவப்படத்தின் இலக்கணம் அனைத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள். முதன்மை விளக்கை முகத்துக்கு 45 பாகையில் வை. எதிர்ப்புறம் ஒரு தெர்மாக்கோல் அட்டையைப் பிடித்து நிழலைத் தணி. பின்னாலிருந்து சிறு விளக்கால் தலைமுடியைப் பின்னணியிலிருந்து பிரி. விளக்கின் தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும். கன்னத்து நிழலில் சிறு முக்கோணமாய் ஒளி விழுந்தால் அதற்கு ரெம்பிராண்ட் முறை என்று பெயர். எல்லாம் மனப்பாடம். ஆனால் பாடப் புத்தகத்தில் இருந்த முகங்கள் யாவும் வெள்ளையருடையவை. எங்களில் ஒருவன் நல்ல கறுப்பு. அதே விளக்கு, அதே தூரம், அதே காமிரா. ஆனாலும் அவன் முகம் ஒருமுறை கரியாக வந்தது, மறுமுறை சாம்பல் பூசியதுபோல் வந்தது.

காரணத்தை மெல்ல மெல்லத்தான் கற்றோம். காமிராவிலுள்ள ஒளிமானி தன் முன் இருப்பது எதுவாயினும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே, அதாவது விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் பரப்பாகவே எண்ணிக்கொள்கிறது. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு விவசாயி வந்து அமர்கிறார். வேட்டிக்கு அளந்தால் முகம் இருண்டுபோகும். முகத்துக்கு அளந்தால் வேட்டி பாலாய்ப் பொங்கி வழியும். இரண்டையும் காப்பாற்ற வேண்டுமானால் விளக்கை நகர்த்த வேண்டும், பொறுமையாக உட்கார்ந்து முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு எந்த ஸ்டுடியோவிலும் நேரமிருப்பதில்லை.

இதற்கு ஒரு வரலாறும் உண்டென்று பின்னர் படித்துத் தெரிந்துகொண்டோம். 1950களிலிருந்து வண்ணப்படம் அச்சிடும் கூடங்களுக்குக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டையை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைப் பெண்ணின் படம் இருக்கும். முதலில் அதற்காக அமர்ந்த பெண்ணின் பெயராலேயே 'ஷெர்லி அட்டை' என்று அது வழங்கப்பட்டது. ஷெர்லியின் தோல் சரியாக விழுந்தால் அச்சு சரி. மற்ற முகங்கள் எப்படி விழுந்தாலும் கேட்பாரில்லை. கறுத்த மரச்சாமான்களையும் சாக்லேட்டையும் விளம்பரத்துக்காகப் படமெடுத்தவர்கள் முறையிட்ட பிறகே கருநிறங்களின் நுண்வேறுபாடுகளில் அந்நிறுவனம் கவனம் செலுத்தியது என்று கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். பல நிறத்து முகங்கள் இடம்பெற்ற அட்டைகள் 1990களில்தான் வந்தன. மேசை நாற்காலிக்குக் கிடைத்த நியாயம் மனித முகத்துக்குக் கிடைக்க அத்தனை காலம் ஆயிற்று.

சனி, ஞாயிறுகளில் ராசிபுரம் பக்கம் ஒரு சிற்றூரில் இருந்த ஸ்டுடியோவில் கைவேலை பழகினோம். உரிமையாளரை அண்ணன் என்றே அழைப்போம். படச்சுருளின் மேல் கூர்மையான பென்சிலால் திருத்தம் செய்யும் பழைய வித்தை கைவந்தவர். நெகடிவில் தீட்டிய கோடு அச்சில் வெளுப்பாக விழும். அப்படி அம்மைத் தழும்புகளையும் கண்ணடிக் கருவளையங்களையும் அவர் ஆயிரக்கணக்கில் மறைத்திருக்கிறார். படம் கழுவிய ஹைப்போவை அவர் கொட்டிவிடுவதில்லை. அதில் கரைந்திருக்கும் வெள்ளிக்காக வாங்கிப் போக ஆள் வரும். கறுப்பு வெள்ளைச் சுருளில் ஒளி பட்ட இடத்து வெள்ளி அங்கேயே தங்கிவிடுகிறது. ஒளி எட்டாத இடத்து வெள்ளிதான் ஹைப்போவில் கரைகிறது. ஆகவே வேட்டி சுருளில் தங்கும். கறுத்த முடியும் கறுத்த முகமும் பெருமளவு கரைந்து போகும். "செவ்வாப்பேட்டைக் கொலுசுல நம்ம சனங்க மூஞ்சி எத்தனை இருக்குதோ" என்று அண்ணன் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

அந்த ஸ்டுடியோவில் நாங்கள் அதிகம் கேட்ட சொல் 'கலர்'. பெண் பார்க்க அனுப்பும் படம், காதுகுத்துப் படம், கல்லூரி விண்ணப்பத்துக்கான படம், எதுவானாலும் போகும்போது திரும்பி நின்று, "கொஞ்சம் கலரா பண்ணிக் குடுங்க" என்பார்கள். கறுப்பு ஒரு கலர் இல்லை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அண்ணன் அந்த ஆண்டு கேனான் 300டி காமிரா ஒன்றும் கணினி ஒன்றும் வாங்கியிருந்தார். பென்சிலால் அவர் அரைநாள் செய்த வேலையை ஃபோட்டோஷாப்பில் நாங்கள் அரை மணியில் முடித்தோம். கேட்டவர்களுக்குச் செய்தோம். பிறகு கேட்காதவர்களுக்கும் செய்யத் தொடங்கினோம்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அந்த ஆயா வந்தார். குச்சிக்கிழங்குக் காட்டிலும் கடலைக்காட்டிலும் வெயிலில் நின்று இறுகிய முகம். நெற்றி நடுவே பச்சை குத்திய சிறு கோடு மங்கியிருந்தது. தொங்கும் காதுகளில் ஒன்றுமில்லை.

"கண்ணு, முதியோர் பணத்துக்குக் கேக்கறாங்க. சின்னப் படம் புடிச்சுக் குடு" என்றவர், சற்றுப் பொறுத்து, "பெருசாவும் ஒண்ணு புடிச்சுரு சாமி. நாளைக்கு நான் போயிட்டா மாலை போட வேணுமல்ல. எங்கூட்டுக்காரருக்குப் படமே இல்லாமப் போச்சு. அமாவாசைக்கு வெறுஞ்செவுத்தப் பாத்துத்தான் படைக்கிறோம்" என்றார்.

"இன்னும் இருபது வருசம் இருப்பீங்க ஆயா" என்றார் அண்ணன்.

"இருந்தா இருந்துட்டுப் போறேன். படம் பெட்டியில கெடக்கட்டும்."

சிரிக்கச் சொன்னோம். மாலை போட்ட படத்தில் சிரித்தால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டுவிட்டுத்தான் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்புக்கு விசையை அழுத்தத் தவறிவிட்டோம்.

தாலுகா அலுவலகத்துக்குப் பேருந்து பிடிக்க வேண்டியிருந்ததால் பாஸ்போர்ட் அளவுப் படங்களை எடுத்தபடியே எட்டுப் பிரதி அச்சிட்டுக் கொடுத்தோம். பெரிய படத்துக்கு ஒரு வாரம் தவணை சொன்னோம். அன்றிரவு கணினி முன் உட்கார்ந்தோம். மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை, கவிஞராகப் புகழ்பெறுவதற்கு முன் உருவப்படங்கள் எழுதிய ஓவியர். உருவப்படம் எழுதுகிறவர் எதிரிலிருக்கும் முகத்தை மணிக்கணக்கில் பார்த்தாக வேண்டும். நாங்களும் ஆயாவின் முகத்தை இரண்டு மணி நேரம் பார்த்தோம். ஆனால் நாங்கள் பார்த்தது முகத்தையன்று; குறைகளை. சுருக்கங்களைத் தணித்தோம். நிறத்தை இரண்டு படி வெளுக்க வைத்தோம். நெற்றியின் பச்சைக் கோட்டைக் கறை என்று கருதி ஒரே சொடுக்கில் அழித்தோம். பிரியத்தோடுதான் செய்தோம். ஏழைக் கிழவிக்கு எங்களாலான மரியாதை என்றே எண்ணினோம்.

சட்டமிட்ட படத்தை ஆயா வெகுநேரம் பார்த்தார். "ஆரோ பெரிய வூட்டுப் பொம்பளையாட்டம் இருக்குது" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டோம்.

ஐப்பசியில் அவருடைய மகள் வந்தார். படத்தை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். காரியமெல்லாம் முடிந்து பதினைந்து நாளாயிற்று என்றார்.

"தம்பி, இதை மாத்திக் குடுப்பீங்களா? பேத்தி இதுகிட்டப் போவ மாட்டேங்கறா. இது ஆயா இல்லைங்கறா. எனக்குமே இதைப் பாத்தா அழுகை வர மாட்டேங்குதுங்க."

அவர் குரலில் கோபம் சிறிதும் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

மூலப்படத்தைத் தேடினோம். திருத்திய படத்தை அதே பெயரில் அதன் மேலேயே சேமித்திருந்தோம். காமிராவின் நினைவட்டையில் அதன் பிறகு எத்தனையோ கல்யாணங்கள் ஏறி இறங்கிவிட்டன. பாஸ்போர்ட் படங்களை அச்சிட்டதும் அழித்துவிடுவது வழக்கம். அண்ணன் பென்சிலால் திருத்திய காலத்தில்கூட நெகடிவ் ஒன்று பெட்டியில் கிடந்தது. தீட்டியதைத் துடைத்தால் உண்மை முகம் அடியில் இருந்தது. நாங்களோ முகத்தை மாற்றியதோடு நிற்காமல், மாறாத முகம் ஒன்று இருந்ததற்கான சான்றையும் அழித்திருந்தோம். அண்ணன் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய் வெகுநேரம் நின்றிருந்தார்.

எட்டுப் பிரதிகளில் ஏதேனும் மிச்சமிருக்குமா என்று கேட்டோம். மறுநாள் காலையில் முதல் பேருந்துக்கே அந்த அக்கா வந்துவிட்டார். ஆயாவின் சுருக்குப்பையில் வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவே ஒரே ஒரு படம் இருந்திருக்கிறது. குறுக்கே ஒரு மடிப்பு. மூலையில் சுண்ணாம்பு. ஆனால் அதில் இருந்தவர் ஆயாதான். அவசரத்தில் அக்கறையில்லாமல் எடுத்துக் கொடுத்த படம் அவரைக் காப்பாற்றி வைத்திருந்தது. அக்கறையோடு செய்த படம் அவரைத் தொலைத்திருந்தது.

அதைப் பலகையில் ஒட்டி, பளபளப்பு விழாதபடி இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து மறுபடி எடுத்தோம். அக்காவை அருகில் உட்கார வைத்துக்கொண்டே வேலை செய்தோம். கன்னத்தின் மேல் போன மடிப்பை மட்டும் சரிசெய்யச் சொன்னார். பச்சைக் கோடு இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும் அளவுக்கே தெரிந்தது. அழுத்தமாக வரைந்துவிடட்டுமா என்று கேட்டோம்.

"வேண்டாங்க தம்பி, இருக்கறபடி இருக்கட்டும்."

நான்கரை சென்டிமீட்டர் உயரப் படத்தை ஓரடி உயரத்துக்கு இழுத்தால் எப்படி இருக்கும்? மசங்கலாகத்தான் இருந்தது. அச்சுப் புள்ளிகள் தெரிந்தன. வகுப்பில் காட்டியிருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்காது. அச்சாகி வந்த படத்தைக் கையில் வாங்கியதும் அந்த அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அன்று கணினியில் கைவைத்தது எங்களில் யார் என்பதை நாங்கள் ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை. இக்கட்டுரையை 'நாங்கள்' என்று எழுதுவதும் அதனால்தான்.

தமிழகத்துப் பழைய ஸ்டுடியோக்களில் 1880 முதல் 1980 வரை எடுக்கப்பட்ட படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடி எண்மப்படுத்தியிருக்கிறார்கள். கண்ணாடித் தகடுகளிலும் சுருள்களிலும் இருந்த முகங்கள் அவை. எங்கள் காலத்து ஸ்டுடியோப் படங்களை யாரேனும் தேடி வந்தால் எத்தனை மூலப்படங்கள் கிடைக்கும் என்பதை நினைக்கவே தயக்கமாக இருக்கிறது. இப்போது தொலைபேசிக் காமிராக்கள் பல, கேட்காமலேயே முகத்தை மழித்து வெளுத்துவிடுகின்றன. கறுத்த தோலை உள்ளபடி காட்டுவதையே ஒரு சிறப்பம்சமாகச் சொல்லி 2021இல் கூகுள் தன் தொலைபேசியை விற்றது. ராசிபுரம் பக்கத்துச் சிறு ஸ்டுடியோவில் நாங்கள் கற்ற பாடத்தை உலகமும் தாமதமாகத்தான் கற்கிறது போலும்.

எங்களில் இருவர் இன்றும் இத்தொழிலில் இருக்கிறோம். மூலப்படத்தை அழிப்பதில்லை. அமர்ந்தவரை அருகில் வைத்துக்கொள்ளாமல் அவர் முகத்தில் கைவைப்பதில்லை. கலராகக் கேட்பவர்கள் இன்னும் வருகிறார்கள். விளக்கை நகர்த்தி முடிந்தவரை அவர்கள் நிறத்திலேயே அவர்களை அழகாகக் காட்ட முயல்கிறோம். சிலருக்குப் பிடிக்கிறது. சிலர் அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

அந்த முதல் படத்தை அக்கா எங்களிடமே விட்டுப்போனார். சட்டம் கழலாமல் இருபது ஆண்டுகளாக எங்களிடம் இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகள் எப்போதாவது அலமாரியில் அதைக் கண்டு யார் என்று கேட்பதுண்டு. யாருமில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே வைத்துவிடுகிறோம்.