ஐசியூ பம்ப்பும் அணு உலை வால்வும் – ஒரு த்ரெட்

1/ அணு உலை விபத்துன்னாலே "எவனோ தூங்கிட்டான், தப்பான பட்டனை அமுக்கிட்டான்"னு தான் தோணும். நானும் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன், ஐசியூவில் ஒரு நாள் நானே தப்பு பண்ற வரைக்கும். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ பி.ஜி. படிச்ச காலம், நைட் டியூட்டி. செப்சிஸோட ஒரு அம்மா. பிபியைத் தாங்கிப் பிடிக்க நார்அட்ரினலின் சிரிஞ்ச் பம்ப்பில் ஓடுது. காலை ஆறு மணி வாக்கில் பிபி இறங்குச்சு. டோஸை ஏத்தினேன். அசையல. மறுபடி ஏத்தினேன். பம்ப்பில் பச்சை விளக்கு, நான் போட்ட அதே எண். மருந்து போகுது, நோய்தான் முத்திடுச்சுன்னு முடிவு பண்ணி, மகனைக் கூப்பிட்டு "கஷ்டம்ப்பா"ன்னு சொல்லியே விட்டேன்.

3/ 40 நிமிஷம் கழிச்சு மார்னிங் டியூட்டி சிஸ்டர் வந்தாங்க. போர்வையை விலக்கிப் பாத்துட்டு, "டாக்டர், பெட் ஈரமா இருக்கே?" லைன் கழண்டு மருந்தெல்லாம் மெத்தைக்குப் போயிருக்கு. பம்ப் தள்ளுதுன்னு மட்டும்தான் அந்த விளக்கு சொல்லுது. உடம்புக்குள்ள போகுதான்னு அதுக்குத் தெரியாது. அந்த அம்மா பிழைச்சு வீட்டுக்குப் போனாங்க.

4/ இப்போ அமெரிக்கா, பென்சில்வேனியா. த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம், 1979 மார்ச் 28, விடிகாலை 4 மணி. நீர் அனுப்பும் பம்ப்புகள் நின்னதும் அழுத்தம் ஏறி, அதைக் குறைக்க ஒரு வால்வு தானா திறந்தது. அழுத்தம் குறைஞ்சதும் மூடியிருக்கணும். மூடாம சிக்கிடுச்சு. உலையைக் குளிர்விக்கிற தண்ணி அது வழியா வெளியேறிக்கிட்டே இருந்தது.

5/ ஆனா கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கான விளக்கு அணைஞ்சிடுச்சு. வால்வு மூடிடுச்சுன்னு எல்லாரும் நம்பினாங்க. உண்மையில் அந்த விளக்குக்குத் தெரிஞ்சது, "மூடு"ங்கிற உத்தரவு போனது மட்டும்தான். மூடுச்சான்னு நேரடியா காட்ட அங்க எதுவும் இல்ல. முதல் சில நிமிஷத்துலயே நூறுக்கும் மேல அலாரம் வேற.

6/ இன்னொரு மீட்டர் தண்ணி அதிகமா இருக்கிற மாதிரி காட்டுச்சு. தொட்டி நிரம்பி வழியக்கூடாதுன்னு தான் அவங்களுக்குப் பயிற்சி. அதனால தானா ஓட ஆரம்பிச்ச அவசரத் தண்ணியை அவங்களே குறைச்சாங்க. நான் டோஸை ஏத்தினேனே, அதே மாதிரி. ரெண்டே கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சு. கடைசியில், அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவர்தான் அந்தக் குழாயில் இருந்த இன்னொரு வால்வை மூடச் சொன்னார். அதுக்குப் பிறகும் உலை உடனே அடங்கல. எரிபொருள் கருவில் பாதி அளவு உருகிப் போச்சு.

7/ என்னை உலுக்கினது அடுத்த விஷயம். 18 மாசம் முன்னாடி, 1977 செப்டம்பர்ல, ஒஹையோவில் டேவிஸ்-பெஸ் நிலையத்தில் இதே வால்வுப் பிரச்சனை. அங்கேயும் அவசரத் தண்ணியைக் குறைச்சாங்க. உலை குறைந்த திறனில் ஓடினதாலயும், சுமார் 20 நிமிஷத்தில் கண்டுபிடிச்சதாலயும் தப்பிச்சாங்க. உலையை வடிவமைச்ச நிறுவனத்தின் பொறியாளர்களே இதைப் பத்தி எச்சரிச்சு உள்ளுக்குள்ள எழுதினாங்க. அது த்ரீ மைல் ஐலண்ட் ஆபரேட்டர்கள் கைக்கு வந்து சேரவே இல்ல.

8/ எங்க கதைக்கு வரேன். விசாரணை நடந்தது. நைட் சிஸ்டர்கிட்ட மட்டும் விளக்கக் கடிதம் கேட்டாங்க. 40 நிமிஷம் லைனைத் தொட்டே பாக்காதவன் நான். வாயைத் திறக்கல.

9/ அதுக்கப்புறம் எங்க வார்டில் லைன் கழண்டா யாரும் எழுதி வைக்கிறதில்ல. சத்தமில்லாம மாட்டிட்டுப் போயிடுவாங்க. மூணு மாசம் கழிச்சு வேற யூனிட்ல ஒரு தாத்தாவுக்கு இதேதான் நடந்தது. அங்க இருந்த ஜூனியருக்கு எங்க கதை தெரியாது. நான் சொல்லல. தாத்தா பிழைக்கல. இதனாலதான்னு அடிச்சு சொல்ல முடியாது. ஆனா என் டேவிஸ்-பெஸ் அதுதான்.

10/ த்ரீ மைல் ஐலண்ட் விபத்தை விசாரிச்ச கெமெனி ஆணையம் ஆபரேட்டர்கள் பண்ணின தப்பை மறைக்கல. ஆனா அதோட நிக்காம, பயிற்சி, கட்டுப்பாட்டு அறை அமைப்பு, பழைய பாடம் போய்ச் சேராதது எல்லாத்தையும் எழுதுச்சு. அந்த வருஷமே நிலையங்கள் அனுபவங்களைப் பகிர்ந்துக்க ஒரு அமைப்பு உருவாச்சு.

11/ இன்னைக்கு என் ஜூனியர்களுக்கு முதல் நாள் சொல்றது ரெண்டு. பிபி இறங்கினா, பம்ப்பைப் பாக்கறதுக்கு முன்னாடி போர்வையைத் தூக்கி லைனைத் தொட்டுப் பாருங்க. தப்பு நடந்தா எழுதி வைங்க, முதல் கையெழுத்து என்னோடது.

அந்த நைட் சிஸ்டர்கிட்ட மன்னிப்பு கேட்க எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. "விடுங்க டாக்டர்"னு சொன்னாங்க. விட முடியல. அதான் இந்த த்ரெட்.