கேளிரிலார்க்கு உற்றார் யார்?

நோயுற்றாருள்ளும் மிக இரங்கத்தக்கார், தமக்காகப் பேசுதற்கு ஒருவரும் இல்லாதாரே ஆவர். அறிவு மயங்கிய ஒருவரை மருத்துவமனையிற் சேர்த்தபின், அறுவை செய்யலாமோ, மூச்சுக்கருவி பொருத்தலாமோ, பொருத்தியதை எத்துணை நாள் நீட்டலாம் என்னும் வினாக்கள் எழுகின்றன. மனைவி மக்கள் உளராயின் அவரை வினவலாம். ஒருவரும் இலராயின் யாரை வினவுவது? இவ்வினாவிற்கு யூதச் சான்றோர் கண்ட விடையை யாம் கற்ற அளவில் ஈண்டு உரைக்கப் புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என நண்பர் சிலர் நகைத்தனர். பழைய ஏற்பாட்டை இளமைதொட்டு ஓதிவரும் எமக்கு, அந்நூலை உயிரெனப் போற்றும் மக்கள் அதற்கு எங்ஙனம் பொருள் கண்டனர் என்றறிய அவா மிக்கது.

உபாகமம் 21-ஆம் அதிகாரத்தில் ஒரு சடங்கு கூறப்படுகின்றது. வெளியிடத்தே ஒருவன் கொலையுண்டு கிடக்கின்றான். கொன்றவன் இன்னானெனத் தெரியவில்லை. மூப்பர் சென்று பிணம் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்கள்வரை அளக்க வேண்டும். மிக அண்மையிலுள்ள ஊரின் மூப்பர் ஓர் இளங்கிடாரியின் கழுத்தை ஒடித்து, அதன்மேல் கைகழுவி, அக்குருதியைச் சிந்தியவர் தாம் அல்லர் எனச் சாற்ற வேண்டும். பலர் இதனைப் பழஞ்சடங்கென்று கடந்து செல்வர். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னாவோ, மூப்பரைக் கொலையாளர் என்று ஐயுறுவார் உளரோ என வினவுகின்றது. பசித்து வந்தவனை உணவின்றியும் வழித்துணையின்றியும் யாம் போக்கினோமல்லேம் என்பதே அவர் சாற்றியதன் பொருள் என்று அது விளக்குகின்றது. அயலான் ஒருவனுக்கு அண்மையில் இருத்தலே ஒரு கடன் என்பது இதனாற் பெறப்படும்.

அடக்கம் செய்வாரற்ற பிணத்தைப் பற்றிய விதி இதனினும் வியப்புடையது. பிரதான ஆசாரியன் தன் தாய் தந்தையர் இறந்தபோதும் பிணத்தை அணுகித் தீட்டுப்படலாகாது என்பது லேவியராகமத்தின் கட்டளை. ஆயினும் வழியில் ஆளற்ற பிணத்தைக் கண்டானாயின், அவனே அதனை அடக்கம் செய்தல் வேண்டும் என்று தால்மூது விதிக்கின்றது. ஆளற்றவன் யாவன்? தான் கூப்பிட்டால் மறுமொழி தருவார் ஒருவரையும் பெறாதவன் என அந்நூல் வரையறுக்கின்றது. தன் தந்தைக்குச் செய்யலாகாததை அயலானுக்குச் செய்யவேண்டும் எனின், உறவின்மை உரிமையைக் குறைப்பதன்று, மிகுப்பதே என்பது தெளிவாம்.

இறந்தார்க்கே இவ்வாறாயின் உயிரோடிருப்பார்க்குச் சொல்லவேண்டுவதில்லை. ஓய்வுநாளில் ஒருவன்மீது சுவர் இடிந்து விழுந்தால், அவன் அங்கு உளனோ இலனோ, உயிருடன் இருக்கின்றானோ இல்லையோ, யூதனோ அல்லனோ என்ற ஐயங்கள் இருப்பினும், இடிபாட்டை அகற்றுக என்பது மிஷ்னா. காணாமற்போன பொருளை உடையவனிடம் சேர்ப்பிக்க என்னும் கட்டளையை, ஒருவன் உடலை அவனுக்கே மீட்டுக் கொடுக்க என்று விரித்தனர் ரபிமார்.

ஆயின் காப்பாற்றுதல் வேறு, நிறுத்துதல் வேறு. அருகிருப்பவன் கொடுக்கலாம், ‘போதும்’ என்று சொல்லவும் அவனுக்கு உரிமை உண்டோ? உபவாச நாளில் நோயாளி தனக்கு உணவு வேண்டுமென்று சொல்ல, மருத்துவர் வேண்டாமென்றால், நோயாளியின் சொல்லையே கொள்க என்கிறது தால்மூது. தன் நெஞ்சின் துன்பத்தைத் தானேயன்றோ ஒருவன் அறிவான்! பேச்சிழந்தவனிடம் அச்சொல் இல்லை.

1572-இல் மறைந்த கிராக்கோ நகரத்து ரபி மோசே இஸ்ஸெர்லெஸ், சாவை விரைவுபடுத்தலாகாது என்னும் விதியை வற்புறுத்தியபோதே, உயிர் பிரிவதைத் தடுத்து நிற்கும் புறப்பொருளை நீக்கலாம் என்று எழுதினார். விறகு பிளக்கும் ஓசை அதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு. இஸ்ரவேல் நாட்டில் 2005-இல் இயற்றப்பெற்ற, சாகுந்தறுவாயிலுள்ள நோயாளரைப் பற்றிய சட்டம் இம்மரபைத் தழுவியது. மாறாகச் சான்று இல்லாதவிடத்து ஒவ்வொருவனும் வாழ விரும்புகின்றான் என்றே கொள்ளவேண்டும் என்பதும், ஐயமுள்ளவழி வாழ்வின் பக்கமே சாய்க என்பதும் அதன் நெறிகள். நோயாளியின் வலியைத் தணிப்பதையும் அது கடமையாக்கியது. ஐயங்களைத் தீர்ப்பதற்குக் குழுக்களையும் அமைத்தது.

இவ்விடத்தே எம் நெஞ்சில் ஒரு தடை எழுந்தது. சென்ற கோடையில் எம் பாட்டியார் நோயுற்றிருந்தபோது, மருத்துவர் வினவியவற்றிற்கெல்லாம் பெரியப்பாவும் அத்தையும் மாறிமாறி விடை கூறினர். பாட்டியார் எதற்கு அஞ்சுவார், எதனைப் பொறுப்பார், எதனைப் பொறார் என்பதை மருத்துவர் அவர்கள் வாயிலாகவே அறிந்தார். அடுத்த கட்டிலிற் கிடந்த முதியவரைப் பற்றி அங்ஙனம் கூறுவார் ஒருவரும் இலர். உறவினர் தருவது ஒப்புதல் மாத்திரம் அன்று, அறிவும் ஆகும் என்பதை அன்று உணர்ந்தோம். வாழ விரும்புவான் என்னும் துணிபு கைவிடப்படுதலினின்று அம்முதியவரைக் காக்கும். ஆயின் மீளாத் துன்பத்தை நீட்டிக்கவும் அதுவே ஏதுவாகலாம். போதும் என்று உரைக்க உறவுடையார்க்கு நாவுண்டு, அவர்க்கு இல்லை.

இத்தடைக்கு விடை அம்மூப்பரின் அளவையிலேயே உளது என்பது எம் கருத்து. அவர் ஊருக்குள் இருந்தபடி தீர்ப்புக் கூறினாரல்லர். பலராய்ப் புறப்பட்டு, வெளியிற் சென்று அளந்தனர். அதுபோல, ஆளற்ற நோயாளியின் திறத்தில் முதற்கடன் தேடுதலேயாகும். அவர் தங்கிய தெரு, உண்ட கடை, வழிபட்ட இடம், உடன் உழைத்தோர் ஆகியோரிடம் சென்று, இவர் எத்தகையவர் என்று கேட்டல் வேண்டும். அதன்பின்னும் ஒன்றும் அறியவொண்ணாதாயின், ஒருவர் தனித்துத் துணியாமல், பலர் கூடி, வாழ்வின் பக்கம் சாய்ந்து, வலியைத் தணித்து, துன்பத்தை மாத்திரம் நீட்டுவதை மேன்மேலும் புதுப்பியாமல் விடலாம்.

தேடாது செய்த முடிபு, இரக்கத்தாற் செய்யினும், அயலார் முடிபே. தேடியபின் செய்த முடிபோ, குறையுடையதாயினும், உற்றார் முடிபோடு ஒப்பதாகும். தேடிச் சென்றவர் அத்தேட்டத்தாலேயே அந்நோயாளிக்கு உற்றார் ஆகின்றார் என்க.