ஓசையற்ற படத்தில் ஒரு துப்பு

எமது பெரியப்பாவுக்குச் செவிப்புலன் குன்றிச் சில ஆண்டுகளாகின்றன. பல்லேகலயிலுள்ள எமது இல்லத்தில், ஞாயிறு இரவு உணவின் பின் எல்லோரும் கூடித் திரைப்படம் பார்ப்பது வழக்கம். அவரோ பத்திரிகையை விரித்துக்கொண்டு ஒதுங்கி அமர்ந்திருப்பார். "சொன்னாலும் அவருக்குக் கேளாது" என்று நாமும் வாளாவிருந்துவிட்டோம்.

சென்ற மாரியில் ஓரிரவு, பிரெஞ்சு இயக்குநர் லூயி ஃபுயாட் எடுத்த 'ஃபாந்தோமாஸ்' என்னும் ஐந்து ஊமைப் படங்களுள் மூன்றாவதைக் கணினித் திரையில் காண முற்பட்டோம். அது 1913 ஆம் ஆண்டுப் படம். துப்பறியும் கதையாயிற்றே என்று பெரியப்பாவையும் அழைத்தோம். அவருக்கு எட்டாதது எமக்கும் வேண்டாமெனப் பின்னாளில் சேர்க்கப்பட்ட இசையை நிறுத்திவிட்டோம்.

கொலைப்பழி சுமத்தப்பட்ட கலைஞன் ஒருவன் சிறையிலேயே கொல்லப்படுகிறான். அவன் சடலமும் மறைந்துவிடுகிறது. ஆயினும், பின்னர் நிகழும் குற்றங்களில் அவனுடைய கைரேகையே காணப்படுகிறது! கல்கத்தாவில் கைரேகைக் காரியாலயம் நிறுவப்பெற்றது 1897 இல். கைரேகை பொய் சொல்லாது என்னும் நம்பிக்கை புதிதாயிருந்த அக்காலத்து மக்களை இக்கதை எவ்வளவு திகைப்பில் ஆழ்த்தியிருக்கும்!

பேயின் வேலையோ என்று நாம் வாதிட்டுக்கொண்டிருந்தோம். பெரியப்பா வாய் திறவாது, தம் இடக்கைத் தோலைப் பற்றி, உறையைக் கழற்றுவதுபோல் இழுத்துக் காட்டினார். முடிவில் அதுவே உண்மையாயிற்று. இறந்தவனின் கைத்தோலையே கையுறையாக அணிந்திருந்தான் அக்கொடியவன். பேச்சில்லாத படத்தில் முகக்குறியும் கையசைவுமே சாட்சிகள். அவற்றை வாசிக்கும் பயிற்சி எம்மெல்லோரையும்விட அவருக்கே மிகுதி என்பதை அன்றுதான் உணர்ந்து நாணினோம்.

"நம் பக்கத்தில் இவ்வாறு எடுக்கவில்லையா?" என்று வினவினார். தாளில் எழுதிக் காட்டினோம்: 1925 ஜனவரியில் பம்பாய் மலபார் குன்றில் வணிகர் அப்துல் காதர் பாவ்லா சுட்டுக் கொல்லப்பட்டார். அச்சம்பவத்தைத் தழுவி, அதே ஆண்டில் கோஹினூர் கம்பெனியார் 'குலீன் காந்தா' என்னும் ஊமைப் படத்தை எடுத்தனர். அது இன்று காணக் கிடைப்பதில்லை.

வாசித்துவிட்டுச் சற்றுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர், "கிடைப்பதையாவது பார்ப்போம். மற்ற நான்கும் எப்போது?" என்றார்.

அடுத்த ஞாயிறு, நாம் அழைக்குமுன்னரே அவருடைய நாற்காலி திரைக்கு எதிரே இருந்தது. பத்திரிகை மடித்தபடி மேசைமீது கிடந்தது.