குடலைக் கேட்டால் கடை தெரியும்

தொடைக்கறி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். முதல்நாள் மிச்சத்தை ஐஸில் வைத்துக் காலையில் கழுவித் தொங்கவிட்டால், பழகாத கண்ணுக்குப் புதுக்கறியாகவே தெரியும். ஈரலிலும் குடலிலும் மூளையிலும் அந்த வேலை நடக்காது. அரை நாள் கடந்தால் நிறமும் வாடையும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால், நல்ல கறிக்கடைக்கு வழி கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கடைக்காரரிடம் முதலில் குடலைக் கேளுங்கள். எப்போது அறுத்தது, எப்படி அலசினார், கேட்டதும் முகம் எப்படிப் போகிறது, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

மதுரையில் மெஸ் நடத்துகிறேன். குடல் குழம்பையும் சுவரொட்டி வறுவலையும் நம்பித்தான் எங்கள் இலைக்கு ஆள் வருகிறது. சதைக்கறி எத்தனை கிலோ வேண்டுமானாலும் காசு கொடுத்தால் கிடைத்துவிடும். உள்ளுறுப்பு அப்படி இல்லை. 20 கிலோ உயிர் எடையுள்ள வெள்ளாட்டை அறுத்தால் 9, 10 கிலோ கறி தேறும். ஈரல் ஒன்றுதான், அது அரைக்கிலோவைத் தொடாது. மூளை ஒன்று. மண்ணீரலான சுவரொட்டி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதற்கும் பிள்ளை பெற்றவள் வீட்டிலிருந்தும் ரத்தசோகைக்காரர் வீட்டிலிருந்தும் விடியும் முன்னே ஆள் வந்து நிற்கும். நாலு ஆடு அறுக்கிற கடையில் நாலு சுவரொட்டிக்குமேல் வராது. அதை யாருக்கு எடுத்துவைப்பது என்பது கடைக்காரர் மனசில் முடிவாகிற விஷயம். அந்த மனசில் இடம் பிடிப்பதுதான் கறி வாங்குகிறவர் கற்க வேண்டிய பாதித் தொழில்.

மீதிப் பாதி, பார்வை. கடைக்குப் போனதும் தொங்குகிற ஆட்டின் வாலைப் பாருங்கள். வெள்ளாட்டு வால் குட்டை, மேல்நோக்கி நிற்கும். செம்மறி வால் கீழே தொங்கும். தோலை உரித்த பிறகும் வால் நுனியில் கொஞ்சம் ரோமத்தை விட்டுவைக்கிற வழக்கம் இதற்காகவே வந்தது. செம்மறி மட்டமில்லை, மேச்சேரி ஆட்டுக் கறிக்கு அதற்கென்று ருசி உண்டு. ஆனால் வெள்ளாட்டு விலைக்குச் செம்மறியை நிறுத்துக் கொடுப்பவரிடம் ஈரலை நம்பி வாங்க முடியாது.

அடுத்து, தலை. கல்லாவுக்குப் பக்கத்திலேயே வரிசையாக வைத்திருப்பார்கள். கீழுதட்டை விலக்கிப் பல்லைப் பார்க்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். மேல்தாடையில் ஆட்டுக்கு முன்பல் கிடையாது. கீழே எட்டும் சின்னதாக இருந்தால் பால்பல், இளங்குட்டி. ஏறத்தாழ ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் நடுவில் மையத்திலுள்ள இரண்டு விழுந்து பெரிய பல் வரும். அந்த ‘ரெண்டு பல்லு’ ஆடுதான் எனக்குப் பிடித்தது. ஈரல் மிருதுவாக இருக்கும், குடலும் சீக்கிரம் வேகும், கறிக்கும் ஓரளவு பிடிப்பு வந்திருக்கும். எட்டுப் பல்லும் முளைத்த கிழட்டுக் கிடாவின் குடலை எத்தனை விசில் விட்டாலும் ரப்பர்தான்.

ஈரலைப் பார்க்கும்போது அவசரம் கூடாது. மேலே ஒரு மெல்லிய சவ்வு பளபளவென்று இழுத்துப் போர்த்தியிருக்க வேண்டும். விளிம்பு மெலிந்து கூராக இருக்க வேண்டும்; உருண்டு வீங்கியிருந்தால் அந்த ஆட்டுக்கு ஏதோ சீக்கு இருந்திருக்கிறது. ஓரத்தில் பச்சை படிந்திருந்தால் பித்தப்பையை உடைத்திருக்கிறார்கள். அந்தக் கசப்பு எந்த மசாலாவிலும் மறையாது. பித்தப்பை கிழியாமல் ஈரலிலிருந்து பிரித்தெடுப்பதற்குக் கத்தியைவிட விரல்தான் முக்கியம். அதை ஒரே இழுப்பில் செய்கிற கை எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் ரொம்பக் குறைவு.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் கண்மாய்க்கரையில் மேய்ந்த ஆடுகள் வரும். தண்ணீரோரப் புல்லோடு தட்டைப்புழு வயிற்றுக்குள் போய் ஈரலில் குடியேறியிருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறுத்துப் பார்த்தால்தான் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் குழாய்கள் தடித்து நிற்பது தெரியும். நான் வழக்கமாக வாங்குகிற பாய், அந்த நாட்களில் ஒவ்வோர் ஈரலையும் என் கண்முன்னே குறுக்கே ஒரு கீறு கீறிக் காட்டிவிட்டுத்தான் தராசில் வைப்பார். “அக்கா, இன்னைக்கு ஈரல் வேண்டாம். சுவரொட்டி மட்டும் எடுத்துட்டுப் போங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று அவராகவே சொல்லிய காலைகள் உண்டு. விற்கிற பொருளை விற்காமல் அனுப்புகிற அந்த வார்த்தைக்காகத்தான், வழியில் இருக்கிற கடைகளைத் தாண்டி அவரிடம் போகிறேன்.

அவரிடம் கிடைக்காதது ரத்தம். மார்க்கத்தில் விலக்கு என்பதால் பாய்மார் கடைகளில் விற்க மாட்டார்கள், கேட்பதும் முறையல்ல. ரத்தப் பொரியலுக்கு வேறொரு அண்ணனிடம் போகிறேன். கழுவிய பாத்திரத்தில் கொஞ்சம் உப்பு போட்டு நேராகப் பிடித்து, மண் படாமல் மூடிவைத்திருப்பார். இப்படி இரண்டு கடை வைத்துக்கொள்வதில் யாருக்கும் வருத்தமில்லை. ஒருவருக்கொருவர் தெரிந்தே நடக்கிறது.

குடலை நான் வெள்ளையாக வாங்குவதில்லை. பளிச்சென்ற வெண்மைக்காகச் சில இடங்களில் சுண்ணாம்பை அள்ளிப் போட்டுத் தேய்க்கிறார்கள். குழம்பில் சுண்ணாம்பு வாடைதான் மிஞ்சும். சாணியை மட்டும் அலசி அப்படியே கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, வீட்டில் சுத்தம் செய்கிறேன். இரைப்பையின் உள்பக்கம் பழுப்பாக, பூந்துவாலைபோல் இருக்கும். கை பொறுக்க மாட்டாத சூடு, ஆனால் கொதிக்காத வெந்நீர், அதில் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு. சற்று முக்கி எடுத்துக் கத்தி முதுகால் சுரண்டினால் பழுப்பு உரிந்து வந்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதித்துவிட்டால் அந்தப் படலம் வெந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு சுரண்டினாலும் போகாது. சிறுகுடலை ஒரு குச்சியில் கோத்து உள்வெளியாகத் திருப்பி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து அலச வேண்டும். புதுக்குடல் என்றால் இரண்டாவது அலசலிலேயே வாடை விட்டுப்போகும்.

காலுக்கு வேறு கணக்கு. நெருப்பில் வாட்டிச் சுரண்டிய கால் பொன்னிறமாக இருக்கும், சூப்பில் லேசான புகை மணம் வரும். வெந்நீரில் முக்கி மழித்த வெள்ளைக் காலில் அது வராது. கோலா உருண்டைக்குக் கொத்துக்கறி கேட்டால், மெஷினில் போடாமல் கத்தியால் கொத்தித் தருகிறவரைத் தேடுங்கள். மெஷின் கொழுப்பை நசுக்கிப் பூசிவிடும், உருண்டை எண்ணெயில் பிரிந்துபோகும். மூளை வேண்டுமென்றால் முதல்நாளே சொல்லி வைத்துவிட வேண்டும். மண்டையை நெற்றி நடுவில் பிளந்து, சிதையாமல் முழுசாக எடுத்து இலையில் வைத்துத் தர நிதானம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த நிதானத்தை யாரிடமும் எதிர்பார்க்க முடியாது.

கறி வெட்டுகிற புளியங்கட்டையையும் கடை திறக்கிற நேரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரவே சுரண்டி உப்புத் தடவிய கட்டை காலையில் காய்ந்து வெளுத்திருக்கும். ஈரமும் பிசுக்குமாக இருந்தால் நான் விலையே கேட்பதில்லை.

ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் கடை தேடுவதற்கு ஏற்ற மாதம் புரட்டாசி. பலரும் கவுச்சியை விட்டிருப்பதால் கடையில் ஒன்றோ இரண்டோ ஆடுதான் அறுப்பார்கள். கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும். நின்று பார்த்தால் ஒரு முழு ஆடு எப்படிப் பிரிகிறது என்று காட்டுவார், கேட்ட இடத்தில் கீறியும் காட்டுவார். அடுத்து வருவது ஐப்பசி. எட்டயபுரம், திருமங்கலம் சந்தைகளில் தீபாவளிக்கு ஆட்டு விலை ஏறும், ஈரலுக்கு முந்தின வாரமே சொல்லி வைக்க வேண்டியிருக்கும். புரட்டாசியில் வந்து நின்றவருக்கு அன்றைக்குப் பங்கு எடுத்து வைத்திருப்பார்கள்.