வீரனுக்கும் பத்திரம் உண்டு

யாழ்ப்பாணத்தில் நாய்க்குப் பத்திரம் எதுவும் கிடையாது. படலையடியில் கிடந்து, தெரிந்தவருக்கு வாலையும் தெரியாதவருக்குப் பல்லையும் காட்டி வந்தால் அதுவே அதன் குடியுரிமை. பெயர் சூட்டுவதிலும் எம்மவர் அதிகம் சிந்தித்தவர்களல்லர். வீரன், ஜிம்மி, ரைகர் என்னும் மூன்று பெயர்களுக்குள் ஊரிலுள்ள நாய்களெல்லாம் அடங்கிவிடும். ஒழுங்கையில் நின்று "ஜிம்மி" என்று அழைத்தால் ஐந்து வளவுகளிலிருந்து பதில் வரும்.

நாம் இப்போது வாழும் கிளென் வேவர்லியில் காரியங்கள் அவ்வாறு நடைபெறுவதில்லை. விக்ரோரியா மாநிலத்தின் 1994ஆம் ஆண்டு வீட்டு விலங்குகள் சட்டத்தின்படி, மூன்று மாதம் நிறைந்த ஒவ்வொரு நாயும் பூனையும் நகரசபையில் பதியப்பட வேண்டும். 2007 மே மாதத்திலிருந்து, முதற் பதிவுக்கு முன்னரே அரிசிமணியளவான மைக்ரோசிப் ஒன்றைத் தோலின் கீழ்ச் செலுத்தியிருக்கவும் வேண்டும். பதிவை ஆண்டுதோறும் ஏப்ரல் 10ஆந் திகதிக்குள் புதுப்பிப்பதும் கட்டாயம்.

எமது மகள் பிடிவாதமாக ஒரு குட்டியைக் கொண்டு வந்து சேர்த்தபோது இச்சட்டங்களெல்லாம் எம் வீட்டுக்குள்ளும் நுழைந்தன. "வீரன்" என்று பெயர் வைத்தவர் எம் தாயார். மகள் ஓர் ஆங்கிலப் பெயரை யோசித்து வைத்திருந்தாள். "வைரவற்றை வாகனத்துக்கு உதென்ன பெயர்?" என்று அம்மா கேட்டதோடு அப்பேச்சு முடிந்தது.

மிருக வைத்தியரிடம் சென்றபோது படிவத்தில் குடும்பப் பெயர் என்றொரு கட்டம் இருந்தது. எமது கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக நிற்பது தந்தையாரின் பெயர். அதையே எழுதிக் கொடுத்தோம். சிறிது நேரத்தில் தாதி வெளியே வந்து, "வீரன்" என்பதோடு எம் தந்தையாரின் திருநாமத்தையும் சேர்த்து உரத்த குரலில் அழைத்தார். உயிரோடிருந்த காலத்தில் எந்த நாயையும் விறாந்தைப் படியேற விடாதவர் எம் தந்தையார். எம் மகளோ அப்பெயரை வேலைத்தலத்தில் பாதியாக வெட்டியே வழங்கி வருகிறாள். முழுப்பெயரையும் குறைவின்றித் தாங்குவது இன்று வீரன் ஒன்றே. கணவரின் பெயரை ஒருநாளும் வாயால் உச்சரித்தறியாத அம்மாவுக்குத்தான் பெருஞ் சங்கடம். "தம்பி, உவனைக் கூப்பிடுகினம், எழும்பு" என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

வைத்தியர் தந்த புத்திமதிகளுள் ஒன்று, வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்பதாகும். இதனால் எம் வீட்டுக் குழம்புச் சோறு வீரனுக்கு விலக்காயிற்று. "வெங்காயமில்லாமல் சாப்பிட உவனென்ன விரதமோ?" என்றார் அம்மா. எனினும் அன்றிலிருந்து, உலையிறக்கியதும் முதற்பிடி வெறுஞ்சோறு வீரனுக்கே செல்கிறது. அம்மா தமிழிலேயே பேசுவதால் வீரனும் தமிழுக்கே பணிகிறது. ஆங்கிலத்தில் விடை சொல்லிப் பழகிய மகள், நாயிடம் மட்டும் "இரு", "வா", "பேசாமற் கிட" என்று நல்ல தமிழில் உரையாடுகிறாள்.

பத்திரமில்லாத நாய்க்கு இந்நாடு காட்டும் கடுமையை 2015ஆம் ஆண்டு உலகமே அறிந்தது. ஹொலிவூட் நடிகர் ஜொனி டெப்பின் குடும்பத்தார் பிஸ்டல், பூ என்னும் இரு சிறு நாய்களைத் தனி விமானத்தில் அறிவிக்காமல் கொண்டு வந்துவிட்டனர். உடனே திருப்பி அனுப்பாவிட்டால் அவை கொல்லப்படும் என்று அமைச்சரே எச்சரித்தார். நாய்கள் விமானமேறின. மறு ஆண்டு நடிகரின் மனைவி, பொய்யான பத்திரம் கொடுத்த குற்றத்தை நீதிமன்றில் ஒப்புக்கொண்டார். அச்செய்தியை வாசித்த எம்மவருட் பலர், வாழ்வில் முதன்முறையாக ஒரு ஹொலிவூட் குடும்பத்தோடு உறவு கொண்டாடியிருப்பர்.

தற்காலிகப் பாதுகாப்பு விசா உடையோருக்கு 2023 பெப்ரவரியில் நிரந்தர வதிவிடத்துக்கான வழி திறந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பலருக்கு அது திறக்கவில்லை. அவர்களுள் ஒருவரான எம் நண்பர் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தார். வீரனின் கழுத்துப்பட்டியிலிருந்த நகரசபைத் தகட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணை, உவனுக்கு ஒரு நாளிலை முடிஞ்ச அலுவல். எனக்குப் பத்து வருசமாய் இழுபடுது" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரே அதிகம் சிரித்தார். தேநீர் ஆறும்வரை பிறகு ஒருவரும் எதுவும் பேசவில்லை.

அம்மா அப்பெயரைச் சூட்டியதற்கு வைரவர் மாத்திரம் காரணமல்லர். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, எமது பழைய வீரன் நாவற்குழிப் பாலம்வரை எம் பின்னே வந்தது. மழையும் இருளும் அடி வைக்க இடமில்லாத சனநெருக்கமும். பாலத்தைக் கடந்து திரும்பிப் பார்த்தபோது அதைக் காணவில்லை. பிள்ளைகளையும் முதியோரையுமே கைதவறவிட்ட அந்த இரவில் நாயைத் தேடுவார் யார்? 1996இல் ஊர் திரும்பியபோது படலையும் இல்லை, படலையடியில் கிடந்த சீவனும் இல்லை.

வைத்தியர் கருவியொன்றை வீரனின் முதுகில் வைத்ததும் பதினைந்து இலக்கங்கள் தோன்றின. அம்மா அவற்றை உற்றுப் பார்த்தார். "உது துலைஞ்சு போனால், இந்த நம்பரைப் பார்த்து வீட்டை கொண்டு வந்து விடுவினமோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா" என்றோம்.

"அப்ப எவ்வளவெண்டாலும் கட்டு" என்றார். அதன்பின் ஆண்டுதோறும் வீரனின் பதிவுக்கட்டணத்தை அம்மாவே தம் ஓய்வூதியப் பணத்திலிருந்து தருகிறார்.

நாய் பூனை வளர்க்கும் வாசகர்க்குச் சில தகவல்கள். ஓய்வூதிய அட்டை உடையோர் பாதிக் கட்டணமே செலுத்தலாம். கருத்தடை செய்த விலங்குக்கும் கட்டணம் குறைவு. வாடகை வீட்டில் வளர்க்க விரும்புவோர் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். 2020 மார்ச் 2 முதல் அவர் நியாயமின்றி மறுக்க முடியாது. வீடு மாறுவோர் நகரசபைக்கும், மைக்ரோசிப் விபரம் பதிந்த நிலையத்துக்கும் புதிய முகவரியைத் தனித்தனியே அறிவிக்க வேண்டும். ஓரிடத்தில் அறிவித்தால் மற்றது தானாக மாறாது. எம்மவர் அடிக்கடி வீடு மாறுபவர்கள். ஆதலால் இதனை மறவாதிருத்தல் நன்று.