ஹாலோவீன் - 1920 மாடல்

வீட்டுல ரெண்டு வாரமா ஒரே பேய் நடமாட்டம். சாப்பாட்டு மேஜை மேல கறுப்புப் பூனை, ஃப்ரிட்ஜ் கதவுல ஆந்தை, சோபாவுக்குப் பின்னாடி ஆளுயர எலும்புக்கூடு. ராத்திரி தண்ணி குடிக்க எழுந்த ரங்கமணி, இருட்டுல எலும்புக்கூட்டை இடிச்சுட்டு அதுகிட்ட "சாரி" சொல்லிட்டு வந்தார். நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்னு அவருக்குத் தெரியாது :-)

எல்லாம் பொண்ணால வந்த வினை. பதினொரு வயசு. செப்டம்பர் கடைசியில ஒருநாள் தோசையைப் பிச்சுக்கிட்டே, "அம்மா, இந்த வருஷம் ஹாலோவீன் பார்ட்டி நம்ம வீட்டுல வைக்கலாமா? ஆனா விண்டேஜ் மாதிரி" என்றாள். நான் தோசைக்கரண்டியைக் கீழே வெச்சுட்டேன். விண்டேஜுக்காக இல்லை. பார்ட்டின்னு அவ வாயில இருந்து மறுபடி வந்ததே, அதுக்காக.

போன வருஷம் ஒன்பது பேரைக் கூப்பிட்டோம். வந்தது ஒரே ஒரு பொண்ணு. அதே சனிக்கிழமை சாயங்காலம் அவ கிளாஸ்ல இன்னொரு வீட்டுலயும் பார்ட்டி. இவளுக்கு அங்கே அழைப்பு இல்லை, அதனால எங்களுக்கு விஷயமே தெரியாது. வந்த பொண்ணையும் அரை மணி நேரத்துல அவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. இவ அழலை. சூனியக்காரித் தொப்பியைக் கழட்டாமலேயே உட்கார்ந்து கணக்கு ஹோம்வொர்க் போட்டா. நான்தான் பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன்.

அதனால இந்தத் தடவை சும்மா கடையில போய் பிளாஸ்டிக் எலும்பு வாங்கித் தொங்கவிட்டு முடிக்கிற விஷயமா இல்லை. படிச்சேன். நல்லாவே படிச்சேன்.

நாங்க இருக்கிறது மாசசூசெட்ஸ்ல ஃப்ரேமிங்ஹாம். இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியும் எனக்குத் தெரியாத ஒரு சங்கதி: அமெரிக்காவுக்கே ஹாலோவீன் பார்ட்டி நடத்தக் கத்துக்கொடுத்த கம்பெனி இந்த ஊர்லதான் இருந்திருக்கு. டென்னிசன்னு பேரு. லேபிள், க்ரேப் காகிதம் எல்லாம் செஞ்சவங்க. 1990ல ஏவரி கம்பெனியோட சேர்ந்து ஏவரி டென்னிசன் ஆச்சு. இந்த டென்னிசன்காரங்க 1909ல 'போகி புக்'குன்னு ஒண்ணு போட்டாங்க. பேரைக் கேட்டதும் பழசையெல்லாம் கொளுத்துற நம்ம போகின்னு நெனைச்சேன். இது பேய் போகி. வீட்டை எப்படி அலங்கரிக்கணும், என்ன விளையாடணும், க்ரேப் காகிதத்துலயே எப்படி உடுப்பு தைக்கணும்னு பக்கம் பக்கமா படத்தோட இருக்கும். ஐடியா சொல்ற சாக்குல காகிதம் விக்கிற புத்தகம்தான், ஆனாலும் என்ன அழகு! 1920கள்ல வந்த இதழ்களைப் பார்த்தா, பெரும்பாலும் ஆரஞ்சும் கறுப்பும்தான். இப்போ கடையில பார்க்கிற ரத்தக் களறி கிடையாது. நிலா சிரிக்குது, பூனை முதுகை வளைக்குது, அவ்வளவுதான். பயமுறுத்துறதை விடக் குறும்புதான் ஜாஸ்தி.

குறும்புன்னா சாதாரணக் குறும்பு இல்லை. அந்தக் காலத்துல ஹாலோவீன் ராத்திரி பசங்க வெளியே கிளம்பினா, வீட்டு கேட்டைக் கழட்டிக்கிட்டுப் போறது, ஜன்னல்ல சோப்பைப் பூசறதுன்னு ஊரையே ரெண்டு பண்ணுவாங்களாம். இவங்களை அடக்கத்தான் பெரியவங்க பார்ட்டி, ஊர்வலம்னு ஆரம்பிச்சிருக்காங்க. மினசோட்டாவுல அனோகாங்கற ஊர் 1920லயே ஊர்வலம் நடத்திடுச்சு. வீடு வீடா போய் மிட்டாய் கேக்குறது பரவலானது அதுக்கப்புறம்தான், 1930கள்ல.

ஒரு விஷயம் சொல்லிடறேன். பழசுன்னா எல்லாமே தங்கம் இல்லை. அந்தப் பக்கங்கள்ல 'ஜிப்ஸி' வேஷம், 'சீனாக்காரன்' வேஷம்னு கண்றாவியும் கிடக்கு. 1924ல வந்த குடியேற்றச் சட்டப்படி நம்ம ஆளுங்க இங்கே குடியேறவே முடியாது. நான் இவ்வளவு ரசிக்கிற அந்தப் பார்ட்டிக்கு என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டாங்க. அதுக்காகப் பூனையை விட்டுட முடியுமா? பூனையை எடுத்துக்கிட்டேன், மத்ததை அங்கேயே விட்டுட்டேன்.

அந்தப் பூனை வந்த கதை வேற. எதிர்வீட்டுப் பாட்டிக்கு வயசு தொண்ணூறு தாண்டிடுச்சு. தபால் பெட்டிகிட்ட பேசிக்கிட்டு இருந்தப்போ பார்ட்டி விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் பிஸ்கட் டின் ஒண்ணைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க. உள்ளே அட்டைப் பூனை. கை கால் இடுப்பெல்லாம் பித்தளை ஆணி வெச்சு அசையுற மாதிரி. வாலைக் காணோம். பாட்டியோட அம்மா டென்னிசன் ஃபேக்டரியில வேலை பார்த்தவங்களாம்! "குடுக்கலை, கடனாத்தான் தர்றேன்"னு கறாரா சொல்லிட்டாங்க. நான் கலர் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு, பூனையைப் பத்திரமா டின்லயே வெச்சுட்டேன். ஜெராக்ஸ் பூனைக்கு வால் நான் வரைஞ்சேன். எலிவால் மாதிரி இருக்குன்னு வீட்டுல விமர்சனம்.

பொண்ணு பாட்டிகிட்ட நேராவே கேட்டா, "யாரும் வரலைன்னா?"

பாட்டி சொன்ன பதில்ல பாதி எனக்கு அப்புறம்தான் புரிஞ்சது. 1942ல யுத்தத்துக்காக இங்கே சர்க்கரைக்கு ரேஷன் வந்துச்சு, 1947 வரைக்கும் இருந்துச்சு. மிட்டாய் கேட்டுப் போறதெல்லாம் படுத்துடுச்சு. அப்போ பாட்டி சின்னப் பொண்ணு. தெருவுல இருந்த அஞ்சு பிள்ளைங்க ஒரு சமையலறையில உட்கார்ந்து விளையாடியிருக்காங்க. "இந்த விளையாட்டுக்கெல்லாம் கூட்டம் வேண்டாம். ஆப்பிள் தோல் போட்டுப் பார்க்க மூணு பேர் போதும். அதுக்கு மேல வந்தா உன் முறை வர்றதுக்குள்ள தூக்கம் வந்துடும்."

பொண்ணு அன்னிக்கே முடிவு பண்ணிட்டா: நாலே பேர்.

இனி விளையாட்டு. பழைய விளையாட்டுல பாதி, வருங்காலப் புருஷன் யாருன்னு கண்டுபிடிக்கிறது. அயர்லாந்து, ஸ்காட்லாந்துல இருந்து கப்பலேறி வந்தது. கையில கண்ணாடியும் மெழுகுவர்த்தியும் வெச்சுக்கிட்டு நிலவறைப் படியில பின்பக்கமா இறங்கினா கண்ணாடியில அவன் முகம் தெரியுமாம். எங்க வீட்டு பேஸ்மென்ட் படியில பின்பக்கமா இறங்கினா தெரியறது ஆஸ்பத்திரி பில்தான். ரத்து. அடுப்புல ரெண்டு கொட்டையைச் சேர்த்துப் போட்டு, ஒண்ணா எரியுதா வெடிச்சு விலகுதான்னு பார்க்கிறது ஒண்ணு. வர்ற பிள்ளைங்கள்ல ஒருத்திக்குக் கொட்டை அலர்ஜி. ரத்து. தண்ணித் தொட்டியில மிதக்குற ஆப்பிளை வாயால கவ்வுறது, எல்லார் எச்சிலும் ஒரே தண்ணியில. கொரோனாவுக்கு அப்புறம் எந்த அம்மா ஒத்துக்குவா? கயித்துல ஆப்பிளைக் கட்டித் தொங்கவிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு கடிக்கலாம்னு மாத்தினோம். டோனட்டுக்கும் அதே கயிறு.

விளக்குலதான் ரங்கமணியோட பெரிய தகராறு. அவருக்கு நிஜ மெழுகுவர்த்தி வேணுமாம், "அப்போதான் விண்டேஜ்." சுத்திலும் க்ரேப் காகிதம், பிள்ளைங்க மேலயும் காகித உடுப்பு. ஒரு பொறி போதும், நிஜமாவே போகி ஆயிடும். பேட்டரி விளக்குன்னு நான் தீர்ப்பு சொல்லிட்டேன். கோபத்துல, பூசணிக்கு முன்னாடி அயர்லாந்துல டர்னிப்புலதான் முகம் செதுக்கினாங்கன்னு எங்கேயோ படிச்சுட்டு, நாலு டர்னிப் வாங்கிட்டு வந்தார். அது கல்லு. ரெண்டு ஸ்பூன் வளைஞ்சதுதான் மிச்சம். மீதி மூணு டர்னிப் சாம்பாருக்குப் போச்சு. பூசணியும் சீக்கிரம் செதுக்கினா அழுகிடும், ரெண்டு நாள் முன்னாடி போதும்.

சாப்பாடு எனக்குச் சுலபம். அந்தக் காலப் பார்ட்டியில பாப்கார்ன் உருண்டை உண்டு. கரும்புப் பாகு காய்ச்சி, சோளப்பொரியைக் கொட்டி, கையில வெண்ணெய் தடவிக்கிட்டு உருட்டணும். செய்முறையில இத்தனை டிகிரி, தெர்மாமீட்டர்னு என்னென்னமோ போட்டிருந்துச்சு. எங்கம்மா கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிக்கறப்போ தெர்மாமீட்டரா வெச்சிருந்தாங்க? பாகைத் தண்ணியில ஒரு சொட்டு விட்டு, உருட்டித் தட்டுல போட்டா 'டங்'குன்னு கேக்கணும். கேட்டுச்சு. உருட்டினேன். உள்ளங்கை சிவந்ததும் அதே மாதிரிதான். வெல்லத்துல கொஞ்சம் சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டேன், 1920க்கு இதெல்லாம் தெரிய வேண்டாம்.

நாலு அழைப்பு போச்சு. கறுப்பு அட்டையில ஆரஞ்சு நிலா ஒட்டி பொண்ணே செஞ்சது. ஒரு வாரத்துல ரெண்டு பேர் வர்றோம்னு சொல்லிட்டாங்க. மூணாவது வீட்டுல, "ஊர்ல இருந்தா பார்க்கலாம்." நாலாவது வீட்டுல இருந்து இதை எழுதுற வரைக்கும் பதில் இல்லை. நான் ஒரு நாளைக்கு இருபது தடவை போனைப் பார்க்கறேன். அவ பார்க்கறதில்லை, இல்லேன்னா நான் பார்க்காதப்போ பார்க்கறா.

நேத்து சாயங்காலம் ஒத்திகை. பாட்டியும் வந்தாங்க. ஆப்பிள் தோலை அறுந்து போகாம ஒரே நீளமாச் சீவணும். வலது கையால இடது தோளுக்கு மேல பின்னாடி போடணும். கீழே என்ன எழுத்தா விழுதோ, அதுதான் அவன் பேரோட முதல் எழுத்து. பாட்டி சீவின வேகத்தைப் பார்த்து ரங்கமணி வாயைப் பிளந்துட்டார். அந்தக் கை நடுங்கவே இல்லை. பொண்ணு கண்ணை மூடிக்கிட்டுப் போட்டா.

பாட்டி குனிஞ்சு பார்த்து, "எஸ்" என்றார்கள். ரங்கமணி பக்கத்துல போய், "சி மாதிரில்ல இருக்கு?" என்றார். நான் இந்தப் பக்கமா நின்னு பார்த்தேன். மேலே ஒரு சின்னச் சுழி, அதுல இருந்து இறங்கி வளைஞ்சு, கடைசியில வலப்பக்கமா நீளமா ஒரு கோடு.

"அடியே, இது பிள்ளையார் சுழிடி!"

"அம்மா, அப்போ பிள்ளையாரையா கல்யாணம் பண்ணிக்கணும்?"

பாட்டிக்குப் பிள்ளையார் யாருன்னு விளக்கிச் சொல்ல கால் மணி நேரம் ஆச்சு. யானைத் தலைன்னதும், "அதையும் அட்டையில வெட்டி மாட்டேன், கை கால் அசையுற மாதிரி"ன்னு சொன்னாங்க. பொண்ணு கத்தரிக்கோல் தேடப் போயிருக்கா.